மூக்குக் கழுவும் போத்தல்: அடிக்கடி தடிமன் பிடிப்பவர்கள் வாங்குவதற்கு முன்

திருகோணமலை நகரத்தின் பெரிய மருந்தகங்களில் மூக்குக் கழுவும் போத்தல் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. 240 மில்லிலீற்றர் கொள்ளும், அமுக்கினால் வளைந்துகொடுக்கும் ஒரு பிளாஸ்ரிக் போத்தல், மூக்குத் துவாரத்தில் பொருந்தும்படி குவிந்த மூடி, மூடியிலிருந்து அடிவரை இறங்கும் மெல்லிய குழாய், கூடவே ஒரு பெட்டி உப்புப் பைக்கற்றுகள்; பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான். வெவ்வேறு பெயர்களில் வந்தாலும் அமைப்பு ஒன்றாகவே இருப்பதால், எந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. உப்புவெளியில் வசித்துக்கொண்டு நகரப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நான், பல ஆண்டுகளாக ஓயாத தும்மலுடனும் மூக்கடைப்புடனும் வகுப்புக்குச் சென்றவள். அந்த நிலையை மாற்றியவற்றுள் இந்தப் போத்தலுக்கு நல்ல பங்கு உண்டு. ஆனாலும் இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் தமக்கு ஏன் மீண்டும் மீண்டும் தடிமன் பிடிக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. காரணம் தெரியாமல் வாங்கியவர்கள் சில நாள் பயன்படுத்திவிட்டுக் குளியலறைத் தட்டில் போத்தலைக் கைவிட்டதை என் உறவினர் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

தடிமனை உண்டாக்கும் வைரசுகள் 200 க்கு மேற்பட்டவை. அவற்றுள் ரைனோ வைரசுகளே முதலிடத்தில் இருக்கின்றன. ஒரு வைரசுக்கு எதிராக உடல் பெற்ற எதிர்ப்பு இன்னொன்றைத் தடுப்பதில்லை என்பதால், நல்ல ஆரோக்கியமான வளர்ந்தவருக்கும் ஆண்டுக்கு 2 அல்லது 3 தடவை தடிமன் வருவது வழமை. சிறு பிள்ளைகளுக்கு அது 6 முதல் 8 தடவை வரை செல்லலாம். முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு மாரி காலத்தில் மாதத்துக்கு ஒரு தடவை மூக்கு ஒழுகுவதைப் பார்த்து, “பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை” என்று மனமுடைந்து சத்துமாக்களையும் விற்றமின் பாணிகளையும் வாங்கிக் குவிக்கும் தாய்மார் இந்தக் கணக்கை அறிந்தாலே பாதிக் கவலை தீரும். உண்மையான தடிமன் தொண்டை அரிப்பிலோ உடல் அசதியிலோ தொடங்கி, சிலருக்கு இலேசான காய்ச்சலையும் கொடுத்து, பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களுக்குள் அடங்கிவிடும். இருமல் மட்டும் சில வாரம் இழுக்கலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே அன்ரிபயோட்டிக் வேண்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். வைரசுத் தடிமனிலும் சளி அப்படி நிறம் மாறும். அந்த மருந்துக்கு வைரசுகளின் மீது எந்த வல்லமையும் இல்லை.

என்னுடையது இந்த வகையில் சேரவில்லை. காய்ச்சல் இல்லை, உடம்பு உளைவு இல்லை. ஆனால் விடிந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணிலும் மேலண்ணத்திலும் தாங்க முடியாத அரிப்பு, பதினொரு மணியளவில் தானாகவே தணிந்துவிடும் தன்மை. “தலை முழுகினாப் பிறகு ஈரத்தோட நிண்டதாலதான்” என்பது அம்மாவின் முடிவு. கடற்காற்றுத்தான் காரணம் என்பது அயலவர்களின் முடிவு. நான் ஒரு பயிற்சிக் கொப்பியில் நாளையும், எங்கே படுத்தேன் என்பதையும், தும்மல் எப்போது தொடங்கி எப்போது நின்றது என்பதையும், காய்ச்சல் இருந்ததா என்பதையும் எழுதிவரத் தொடங்கினேன். யாருக்கும் நான் முதலில் சொல்லும் ஆலோசனை இதுதான், செலவும் இல்லை. கொப்பியைப் புரட்டியபோது, தம்பலகாமத்தில் உள்ள தங்கை வீட்டில் பன்பாயில் படுத்தெழும்பிய காலைகளில் தும்மல் மிகக் குறைவாகவும், சொந்த வீட்டு மெத்தையில் படுத்த காலைகளில் மிக அதிகமாகவும் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. கச்சான் காற்று புழுதியை அள்ளிவரும் ஆனி, ஆடி மாதங்களிலும், சுவர்கள் ஈரம் கசியும் மார்கழியிலும் அது ஒரேமாதிரியே தொடர்ந்தது.

அந்தக் கொப்பியுடன் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் சென்றேன். அவர் மருந்து எழுதும் முன் கேள்விகளையே கேட்டார்.

“ரீச்சர், காலமை எழும்பின உடனயா தும்மல் வருது, இல்லாட்டி பள்ளிக்கூடம் போனாப் பிறகா?”

“எழும்பினவுடன டொக்டர். சில நாள் கட்டில்ல இருந்து இறங்க முதலே தொடங்கீரும்.”

“வீட்டில ஆருக்கும் இழுப்பு, தோல் அரிப்பு இருக்கோ?”

“அப்பாவுக்கு இழுப்பு இருந்தது.”

“கண் கடிக்குமோ?”

“ஓம், கசக்கிக் கசக்கிச் சிவந்துபோகும்.”

பிறகு விளக்கொன்றால் மூக்கினுள் பார்த்து, உட்சுவர் வெளிறி வீங்கியிருப்பதைச் சொன்னார். மூக்கின் நடுச்சுவர் பெரிதாக வளையவில்லை என்றும், தசை வளர்ச்சி எதுவும் தெரியவில்லை என்றும் உறுதிப்படுத்தினார். அடிக்கடி மூக்கடைப்பு வருவதற்கு இவை இரண்டும் காரணமாகலாம். 12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சைனஸ் அழற்சி, பிள்ளைகளில் மூக்கின் பின்புறத்து அடினோயிட் வீக்கம், புகைத்தல் ஆகியனவும் அப்படியே. எனக்கு இருப்பது ஒவ்வாமை மூக்கழற்சி என்றும், வாரத்தில் 4 நாட்களுக்கு மேலாகவும் தொடர்ந்து 4 வாரங்களுக்கு மேலாகவும் இருப்பதால் அது நீடித்த வகையைச் சேர்ந்தது என்றும் விளக்கினார். சித்த மருத்துவர்கள் பீனிசம் என்று கூறும் நோய்க்குள் இதன் பல குறிகள் அடங்குகின்றன.

பின்னர் கொழும்பில் தோற்குத்துச் சோதனையும் செய்துகொண்டேன். முன்கையின் உட்புறத்தில் வெவ்வேறு பொருள்களின் சாறுகளைத் துளித்துளியாக இட்டு, ஒவ்வொரு துளியின் ஊடாகவும் மெல்லிய முனையால் தோலை இலேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடங்களில் பார்த்தால் ஒத்துக்கொள்ளாத பொருளிட்ட இடம் நுளம்பு கடித்ததைப்போலத் தடித்திருக்கும். என் கையில் வீட்டுத்தூசு உண்ணிக்குரிய இடம்தான் முதலில் சிவந்து தடித்தது. சோதனைக்குச் சில நாட்கள் முன்பே செற்றிரிசின் போன்ற ஒவ்வாமைக் குளிசைகளை வைத்தியர் சொல்லும்படி நிறுத்தவேண்டும் என்பதை முற்பதிவு செய்யும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளிசை உடலில் இருந்தால் தோல் தடிக்காது, கொழும்புவரை சென்ற பயணம் வீணாகும். எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவைப்படுவதும் இல்லை. குறிகள் தெளிவாக இருந்தால் வைத்தியர்கள் சோதனையின்றியே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இனிப் போத்தலைப் பற்றி. ஒவ்வாமை உள்ள மூக்கில் தூசும் உண்ணியின் கழிவும் சளியோடு ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றை உப்புநீரால் வெளியேற்றுவதே இந்தப் போத்தலின் வேலை. யோகப் பயிற்சி செய்பவர்களுக்கு மூக்குள்ள செம்பால் நீர் ஊற்றி மூக்கைக் கழுவும் ஜலநேதி புதிதல்ல. அந்தச் செம்பில் நீர் தானாக வழியும், போத்தலில் நாம் அமுக்கும் அளவுக்கு ஏற்ப விசையுடன் செல்லும். கைகழுவும் தொட்டியின்மேல் நன்றாகக் குனிந்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிட்டுக்கொண்டு, மூடியை ஒரு துவாரத்தில் பொருத்தி மெல்ல அமுக்க வேண்டும். முதலில் மூக்கின் மேற்புறத்தில் இளஞ்சூடு பரவும். அடுத்த கணமே மற்றத் துவாரத்தின் வழியாக நீர் வழியத் தொடங்கும், அதோடு நூல்போல நீண்ட சளியும் இறங்கும். போத்தலில் பாதியை ஒரு பக்கத்துக்கும் மீதியை மறுபக்கத்துக்கும் பயன்படுத்தலாம். தலையைப் பின்னால் சாய்த்தாலோ, விழுங்கினாலோ, பலமாக அமுக்கினாலோ நீர் காதுப் பக்கம் ஏறி அடைப்பை உண்டாக்கும். முடிந்தபின் இரண்டு துவாரங்களையும் திறந்தபடி மெதுவாகச் சிந்த வேண்டும். ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்துவது காதுக்கு நல்லதல்ல. கழுவியபின் கிடைக்கும் மூச்சின் தெளிவு பல மணி நேரம் நிற்கிறது. பாடசாலையிலிருந்து சுண்ணக்கட்டித் தூளோடு வீடு திரும்பும் மாலையில் அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நீரைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் உயிராபத்து அடங்கியிருக்கிறது. குடிக்கப் பாதுகாப்பான நீர் எல்லாம் மூக்கில் ஏற்றப் பாதுகாப்பானதாகாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா பௌலேரி என்ற அமீபா வயிற்றுக்குள் போனால் தீங்கில்லை. மூக்கின் வழியாக ஏறினால் மூளைவரை சென்று, பெரும்பாலும் மரணத்தில் முடியும் நோயை உண்டாக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011 ஆம் ஆண்டு குழாய்நீரை அப்படியே நேதிச் செம்பில் பயன்படுத்திய இருவர் இவ்வாறு இறந்தார்கள். இது மிக அரிதான நோய்தான். ஆனால் தடுப்பதற்கு ஒரு நிமிடக் கொதிப்பே போதுமாக இருக்கும்போது யாரும் அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை. குழாய்நீரோ, கிணற்றுநீரோ, கடையில் வாங்கும் போத்தல் குடிநீரோ, எதுவாயினும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, இளஞ்சூட்டில் பயன்படுத்த வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றின் நீர் மருந்துக் குணமுள்ளது என்று நம்பி அதைப் போத்தலில் பிடித்துவந்து மூக்குக் கழுவலாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அந்த நீர் கையில் சூடாகத் தெரிந்தாலும் கொதிநீர் ஆகாது. இவ்வகை அமீபா விரும்பி வளரும் வெப்பமே அது. கன்னியாவில் குளியுங்கள், அந்த நீரை மூக்கில் ஏற்ற வேண்டாம்.

உப்புப் பைக்கற்றுகள்தான் இந்தப் பொருளின் பெரிய குறை. போத்தலை ஒருமுறை வாங்கினால் போதும், பைக்கற்றுகளோ நாளாந்தம் தீர்ந்துகொண்டே இருக்கின்றன. சில வேளைகளில் நகரத்தில் போத்தல் இருக்கும், தனிப் பைக்கற்றுகள் இருக்காது. செலவைக் குறைக்கப் பைக்கற்றில் பாதியைப் போடுபவர்கள் உண்டு. உப்புக் குறைந்தால் மூக்கு எரியும். இரத்தத்தின் உப்புச் செறிவை ஒத்த 0.9 வீதக் கரைசலே எரிச்சல் தராதது. வீட்டிலேயே தயாரிப்பதாயின், அயடீன் சேராத தூய உப்பு 3 தேக்கரண்டியும் அப்பச்சோடா 1 தேக்கரண்டியும் கலந்து வைத்துக்கொண்டு, அதில் 1 தேக்கரண்டியை 240 மில்லிலீற்றர் ஆறிய கொதிநீரில் கரைக்கலாம். அது சற்றுக் கடுமையாகத் தெரிந்தால் கலவையைக் கொஞ்சம் குறைக்கலாம். கடைகளில் கிடைக்கும் சமையல் உப்பு அயடீன் கலந்தது. உப்பளத்துக் கல்லுப்பு எவ்வளவு வெண்மையாகத் தெரிந்தாலும் மண் கலந்திருக்கும். இரண்டும் இதற்கு ஏற்றவையல்ல. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் கலவை ஒரு வாரத்திலேயே கட்டிபட்டுவிடுவதால், இறுக்கமாகத் திருகி மூடும் சிறிய கண்ணாடிப் போத்தலில், ஈரமற்ற கரண்டியுடன் வைத்திருக்க வேண்டும். நான் வாங்கிய பைக்கற்றுகளிலேயே ஓரம் சரியாக ஒட்டாதவை சில கல்லாக இறுகியிருந்தன.

பெட்டிக்குள் வந்த விளக்கத்தாளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. கொதித்தாறிய நீரையே பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில், பின்பக்கத்தின் அடியில் கிடக்கிறது. எழுபது வயது அம்மா ஒருவர் இதை மருந்தகத்தில் வாங்கிச்சென்று கிணற்றுநீரை ஊற்றிப் பயன்படுத்தினால் அது அவருடைய தவறாகாது. இறக்குமதி செய்பவர்கள் அந்த ஒரு வரியையாவது தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியின் முகப்பில் ஒட்ட வேண்டும். மருந்தகத்தில் விற்பவர்களும் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். போத்தலை ஒவ்வொரு தடவையும் கழுவித் தலைகீழாகக் காயவைப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதும், ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தாமல் இருப்பதும் அவசியம். உள்ளே இறங்கும் குழாயைக் கழற்றிக் கழுவாவிட்டால் அதன் உட்புறத்தில் வழுவழுப்பாகப் படலம் பிடிக்கிறது. இந்த வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத பகுதி அந்தக் குழாய்தான்.

கழுவுதல் மருந்தின் இடத்தைப் பிடிக்காது. எனக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்தது மொமெற்றாசோன் மூக்கு ஸ்பிரே. மூக்கைக் கழுவிச் சிறிது நேரம் பொறுத்து அதை அடிக்கும்போது மருந்து சளியின்மேல் படியாமல் நேராக உட்சுவரில் படிகிறது. வலக்கையால் இடத் துவாரத்திலும், இடக்கையால் வலத் துவாரத்திலும், முனை நடுச்சுவரை நோக்காமல் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கியிருக்கும்படி அடித்தால் இரத்தக்கசிவு குறையும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். முழுப்பயன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே “சரிவரவில்லை” என்று நிறுத்திவிட்டு, மூக்கைச் சட்டென்று திறந்துவிடும் ஒக்சிமெற்றாசொலின், சைலோமெற்றாசொலின் துளிகளுக்கு மாறுபவர்களை நினைத்து வருந்துகிறேன். அந்தத் துளிகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். பிறகு துளியில்லாமல் உறங்க முடியாத நிலை வரும். அடிக்கடி தடிமன் என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இந்தத் துளிப்பழக்கமே.

காரணம் தெரிந்ததால்தான் படுக்கையறையை மாற்ற முடிந்தது. தூசு உண்ணிகள் கண்ணுக்குத் தெரியாதவை. நம் தோலிலிருந்து உதிரும் பொருக்குகளை உண்டு, காற்றின் ஈரம் மிகுந்த இடத்தில் பெருகுபவை. எங்கள் வீட்டுத் தும்பு மெத்தையை முற்றத்தில் வெயிலுக்குப் போட்டுத் தட்டியபோது, கதிரில் எழுந்த தூசு அடங்கவே நேரம் எடுத்தது. ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலையைச் செய்யாமல் வேறொருவரிடம் விட வேண்டும். தம்பிதான் முகக்கவசம் அணிந்து தட்டினார். இலவம்பஞ்சுத் தலையணைகளை அகற்றி, மெத்தைக்கு நெருக்கமாக நெய்த, சங்கிலிப்பூட்டு வைத்த உறை தைப்பித்து, விரிப்புகளை வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுகிறோம். தும்புத்தடியால் கூட்டுவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைப்பதும், நுளம்புச் சுருளை நிறுத்தி வலை கட்டிக்கொண்டதும் காலைத் தும்மலில் உடனே தெரிந்த மாற்றங்கள். சாம்பிராணிப் புகையை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் முன்மண்டபத்தோடு நிறுத்திக்கொண்டோம். அம்மாவுக்கு அதைக் கைவிட மனமில்லை, கைவிடும்படி நானும் கேட்கவில்லை.

கொத்தமல்லி, இஞ்சி, வேர்க்கொம்பு அவித்த குடிநீரையும் வேது பிடிப்பதையும் நான் விலக்கவில்லை. தொண்டைக்கு இதம் தரும், சளி சற்று இளகும், அக்கறையுள்ள ஒருவர் கையால் கிடைக்கும்போது மனமும் தேறும். தடிமன் நாட்களை அவை குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் சிறு பிள்ளைகளைக் குனியவைப்பது வெந்துபோகும் ஆபத்துள்ளது என்பதால் அதை மட்டும் செய்யாதீர்கள். விற்றமின் சீ குளிசையை நாளாந்தம் எடுப்பதால் சாதாரண வாழ்க்கை நடத்துவோருக்குத் தடிமன் வரும் தடவைகள் குறைவதில்லை; வந்த தடிமன் சற்று முன்னதாகத் தீர்வதாகவே ஆய்வுகள் கூறுகின்றன.

மூக்கு முற்றாக அடைத்திருக்கும்போதும், காதில் சீழோ வலியோ இருக்கும்போதும், அண்மையில் மூக்கில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் வைத்தியரைக் கேளாமல் இந்தப் போத்தலைப் பயன்படுத்தக்கூடாது. ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வரும் சிறு பிள்ளை மணியோ விதையோ உள்ளே செருகியிருக்கக்கூடும். கழுவ முயலாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வளர்ந்தவர்களில் ஒரு பக்கத்து இரத்தக்கசிவு, முகத்தில் கடும் வலி, இரவில் இழுப்பு ஆகியவை இருந்தாலும் அப்படியே. தும்மலோ மூக்கொழுகலோ இல்லாமல் கடுங்காய்ச்சல் மட்டும் அடித்தால் அதைத் தடிமன் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களைக் கண்ட மாவட்டத்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி எதுவும் கொடுக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வாங்கும்போது மூடியைக் கழற்றி உள்குழாய் தனியாக வருகிறதா, மூடியின் முனை மெதுவான பொருளால் ஆனதா, பைக்கற்றுகளின் பாவனைத் திகதி கடக்கவில்லையா என்று கடையிலேயே பாருங்கள். பிள்ளைகளுக்குக் குறைந்த கொள்ளளவுள்ள சிறிய போத்தல் தனியாக உண்டு. வளர்ந்தவர்களுடையதை அவர்களுக்குக் கொடுக்காமல், எந்த வயதிலிருந்து பயன்படுத்தலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டபின் அதை வாங்குங்கள். போத்தலுக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுக்கிறேன். பைக்கற்றுகளுக்கும் விளக்கத்தாளுக்கும் கொடுக்க முடியவில்லை.